யார் வலிக்கு யார் சம்மதம்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரத்துக்குத் தெற்கே கேன்டன் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே நீதிபதி ரோட்டன்பெர்க் பெயரில் ஓர் உறைவிடப் பள்ளி நடக்கிறது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள சிறுவர்களும் பெரியவர்களும் அங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் முதுகில் ஒரு பையைச் சுமப்பார்கள். பைக்குள் மின்கலம் இருக்கும். அதிலிருந்து போகும் கம்பிகள் கையிலும் காலிலும் வயிற்றிலும் ஒட்டிய மின்முனைகளில் முடியும். செய்யக் கூடாது என்று பட்டியலிட்ட ஒன்றை அவர்களில் ஒருவர் செய்துவிட்டால், பணியாளர் கையில் இருக்கும் ரிமோட்டை அழுத்துவார். தோல் வழியே மின்சாரம் பாயும். உறங்கும்போதும் அந்தக் கருவியோடு கிடந்தோம் என்று அங்கிருந்து வெளியே வந்தவர்கள் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள்.

இதைத் தடுக்க அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல் வல்லுநர் குழுவைக் கூட்டியது. 2016இல் வரைவு விதி வந்தது. 2020 மார்ச்சில் தடை வந்தது. ஒரு மருத்துவக் கருவியை அந்த நிர்வாகம் அடியோடு தடை செய்வது அபூர்வம்; அதற்கு முன் செயற்கை முடி இழைக்கும், பொடி தடவிய மருத்துவக் கையுறைக்கும் மட்டுமே அது நேர்ந்திருந்தது. பள்ளியும் அங்குள்ளவர்களின் பெற்றோரும் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக நின்று, தடையை நீக்கியது. வலி எவ்வளவு, அதைத் தாங்குகிறவர் யார் என்பதை வைத்து அந்தத் தீர்ப்பு எழுதப்படவில்லை. மற்றப் பயன்பாடுகளுக்கு அனுமதித்துவிட்டு ஒரு பயன்பாட்டுக்கு மட்டும் ஒரு கருவியைத் தடுக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டா என்பதை வைத்து எழுதப்பட்டது. 2022 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தைத் தந்தது. 2024 மார்ச்சில் வரைவு விதி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. குழு கூடிப் பத்தாண்டு ஆகியும் கோப்பு வரைவிலேயே நின்றது.

இந்தச் செய்தியைப் படிக்கிற எவர் மனத்திலும் ஒரு கேள்வி எழும். பெற்றவர்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நீதிமன்றமும் ஆள்வாரியாக அனுமதி தந்திருக்கிறது. பிறகு என்ன தடை? தடை இருக்கிறது. வலியைத் தாங்கப்போகிறவரைக் கேட்காமல், அவருடைய நன்மைக்கென்று இன்னொருவர் வலிக்குச் சம்மதம் தருவது அறமாகாது. பெற்றவர் தந்தாலும் ஆகாது, நீதிமன்றம் தந்தாலும் ஆகாது. ஆட்டிசம் உள்ளவரின் வாழ்க்கையைப் பற்றி எடுக்கும் எந்த முடிவிலும் முதல் சொல் அவருடையதாக இருக்க வேண்டும்.

அடித்துத் திருத்தலாம் என்ற நம்பிக்கை கேன்டனில் பிறந்ததன்று. ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் 1960களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அறையும் அதட்டலும் மின்தாக்கும் கொடுத்துப் பழக்கினார். லைஃப் இதழ் 1965இல் அதைப் படங்களோடு வெளியிட்டது. வாசகர்களுக்கு அது ஒரு மீட்புக் கதையாகவே சொல்லப்பட்டது. ஹார்வர்டில் பி. எஃப். ஸ்கின்னரிடம் படித்த மேத்யூ இஸ்ரேல் 1971இல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் ரோட்டன்பெர்க் மையமானது. ஸ்கின்னரின் உளவியல், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் கணக்கில் கொள்ளும். ஒரு குழந்தை ஏன் தலையைச் சுவரில் மோதுகிறது என்பதைவிட, மோதுவதை எப்படி நிறுத்துவது என்பதே அதற்கு முக்கியம். பல்வலியைச் சொல்ல வழி தெரியாமல் மோதுகிற குழந்தைக்கும், குழல் விளக்கின் இரைச்சல் தாங்காமல் மோதுகிற குழந்தைக்கும், பயத்தில் மோதுகிற குழந்தைக்கும் அங்கே கிடைக்கும் பதில் ஒன்றே.

உயிருக்கு ஆபத்தான நடத்தைக்கு மட்டும்தான் மின்தாக்கு என்பது ரோட்டன்பெர்க் மையத்தின் வாதம். நியூயார்க் மாநிலம் தன் பிள்ளைகள் பலரை அங்கே அனுப்பிவந்ததால், அதன் கல்வித்துறை 2006இல் ஆய்வாளர்களை அனுப்பிப் பார்த்தது. நச்சரிப்பது, கெட்ட வார்த்தை பேசுவது, தோற்றத்தைச் சீராக வைத்துக்கொள்ளாதது போன்றவற்றுக்கும் மின்தாக்கு நடந்ததாக அவர்கள் எழுதிவைத்தார்கள். 2002இல் 18 வயது இளைஞர் ஒருவர் மேலங்கியைக் கழற்ற மறுத்தார். அதில் தொடங்கி, பலகையில் குப்புறக் கட்டிவைத்து, அன்று அவருக்கு 31 முறை மின்தாக்கு கொடுத்தார்கள். அந்தக் காணொளி பத்தாண்டு கழித்து, தாய் தொடுத்த வழக்கில் நீதிமன்றத்தில் ஓடியபோதுதான் ஊர் பார்த்தது. எந்தத் தண்டனையும் தன் எல்லையைத் தானே விரித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2007 ஆகஸ்டில் நடந்ததை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த மையத்தின் விடுதி ஒன்றுக்கு இரவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மேலதிகாரி போலப் பேசிய ஆள், இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, மாலையில் அவர்கள் தப்பு செய்தார்கள், இப்போது தண்டியுங்கள் என்றார். பணியாளர்கள் பிள்ளைகளை உறக்கத்திலிருந்து எழுப்பினார்கள். ஒருவருக்கு 77 முறை, மற்றவருக்கு 29 முறை. அழைத்தவர் மேலதிகாரி அல்லர், அங்கே முன்பு இருந்த ஒருவர் என்பது பிறகு தெரிந்தது. அந்த இரவைப் பதிவு செய்த ஒளிநாடாக்களை அழித்த விவகாரம் வழக்காகி, 2011இல் மேத்யூ இஸ்ரேல் பதவி விலகினார். செய்தித்தாள்கள் இதை ஒரு மோசடி அழைப்பு என்று எழுதின. மோசடி அங்கே சிறிய பகுதி. முகம் தெரியாத ஒருவரின் குரல் தொலைபேசியில் வந்தது. அதற்கு உடனே மதிப்புக் கிடைத்தது. எதிரே நின்ற பிள்ளைகளின் குரலுக்கு அந்த அறையில் எடையே இல்லை. இவர்கள் சொல்வது சாட்சியமாகாது என்று முன்னரே முடிவு கட்டிய இடத்தில் மட்டும்தான் இப்படி ஓர் இரவு நடக்க முடியும்.

கேளாமல் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்பதைத் தமிழ் மரபுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். பொற்கொல்லன் சொன்னதை நம்பினான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு பிழைக்குத்தான் இளங்கோ ஓர் அரசனின் உயிரையும் ஒரு மாநகரத்தையும் விலையாக வைத்தார். நல்ல எண்ணம் இருந்தது என்பது அங்கே தற்காப்பாக ஏற்கப்படவில்லை. அரசனே ஏற்கவில்லை, தவறு தெரிந்த கணத்தில் உயிரை விட்டான்.

வள்ளுவர் இன்னா செய்யாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் எண்ணிக் காக்காதவன் பெற்ற அறிவால் பயன் என்ன என்று அங்கே கேட்கிறார். தனக்கு எது வலிக்கும் என்று அறிந்த ஒருவன் அதையே இன்னோர் உயிருக்குச் செய்வது எப்படி என்றும் கேட்கிறார். இந்த இரண்டு கேள்விகளையும் கேன்டனின் உளவியலாளர்களிடம் கேட்கலாம். பட்டம் பெற்றவர்கள், வரைபடம் போட்டு நடத்தையைக் கணக்கிடத் தெரிந்தவர்கள். குறளின் அளவையில் அந்த அறிவு அறிவாக எண்ணப்படாது. பெருமை அதிகாரத்தில் எல்லா உயிருக்கும் பிறப்பு ஒன்றே என்ற கருத்தை வைத்தவர், பேசுகிற உயிருக்கு என்று ஒரு நிபந்தனை அங்கே சேர்க்கவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசும் உயிருக்கு என்றும், கையை உதறாமல் அமர்ந்திருக்கும் உயிருக்கு என்றும் சேர்க்கவில்லை.

நம் பழைய நூல்கள் எல்லாமே இந்தப் பக்கம் நிற்கின்றன என்று சொல்லிவிட முடியாது. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை சொல்ல வந்தவர், குறையுடைய பிறப்புகள் எட்டு என்று எண்ணி, அவற்றால் பயனில்லை என்று முன்னோர் கூறியதாகச் சொல்கிறார். ஒளவை பெயரில் வழங்கும் தனிப்பாடலிலும் குறையின்றிப் பிறப்பதே அரிய பேறு என்ற எண்ணம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். இந்தக் கருத்தை வள்ளுவரின் பக்கத்தில் வைத்துப் பார்த்து விலக்கத்தான் வேண்டும். மனிதரைப் பயனால் எடைபோடும் பழக்கம் மிகப் பழையது, நம் வீட்டிலும் இருந்தது என்பதற்கு மட்டும் அது சான்று.

அந்தப் பழக்கம் இன்று அமைச்சர் நாற்காலியிலிருந்தே பேசுகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கச் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர், எட்டு வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவர் ஆட்டிசநிலையில் இருப்பதாக வந்த புள்ளிவிவரத்தை முன்வைத்துப் பேசினார். இந்தக் குழந்தைகள் வரி கட்ட மாட்டார்கள், வேலைக்குப் போக மாட்டார்கள், கவிதை எழுத மாட்டார்கள் என்று அடுக்கினார். ஆட்டிசம் குடும்பங்களைச் சிதைக்கிறது என்றார். கடுமையான பாதிப்பு உள்ளவர்களைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கம் வந்தது. விளக்கம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கடுமையான பாதிப்பு உள்ளவரானால் வரி கட்டுவதை வைத்து அவரை அளக்கலாமா? வேலை செய்யும் ஆட்டிசநிலையாளர்களும் கவிதை எழுதுகிறவர்களும் பலர் எழுந்து பதில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் சிறந்தது, நாங்கள் வரி கட்டுகிறோம் என்ற பதில் அன்று. வரி கட்டாதவரும் மனிதர்தான் என்ற பதில். ஒருவரைப் பயனற்றவர் என்று மேடையில் சொல்லிப் பழகிவிட்ட நாட்டில், அவர் உடம்பில் மின்முனையை ஒட்டுவதற்கு யாருக்கும் கை கூசாது.

இந்தக் குரல்கள் நேற்று முளைத்தவை அல்ல. ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசநிலையாளர் 1993இல் டொரன்டோ மாநாட்டில் பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்ற பொருளில் பேசினார். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லை என்ற உங்கள் ஏமாற்றம் உண்மை. ஆனால் வந்திருக்கிற குழந்தை உயிரோடு உங்கள் எதிரே நிற்கிறது. அதன் எதிரில் துக்கம் கொண்டாடாதீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். 2006இல் ஆரி நேமனும் ஸ்காட் ராபர்ட்சனும் சேர்ந்து, ஆட்டிசநிலையாளர்களே நடத்தும் ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். எங்களைப் பற்றிய எதையும் எங்களை விட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள் என்று மாற்றுத்திறனாளர் இயக்கம் எழுப்பிய முழக்கத்தையே அவர்களும் எழுப்பினார்கள். மறு ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மனநல மையம் ஒன்று நகரெங்கும் விளம்பரம் வைத்தது. உங்கள் மகனைக் கடத்தி வைத்திருக்கிறோம் என்று ஆட்டிசமே எழுதும் மிரட்டல் கடிதம்போல அது அமைந்திருந்தது. இந்த வலையமைப்பு பிற அமைப்புகளைத் திரட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. சில வாரங்களுக்குள் அந்த விளம்பரம் இறங்கியது. கேன்டன் மின்கருவிக்கு எதிராகவும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள், சாட்சியம் சொன்னார்கள், அதிகாரிகளின் கதவைத் தட்டினார்கள். நரம்பியல் பன்மை என்று அவர்கள் சொல்வது இதைத்தான்: மனித மூளைகள் பலவகை, அவற்றில் ஒருவகையை மட்டும் மனிதம் என்று பெயரிட்டு மற்றதை அழிக்கப் பார்ப்பது நோய் தீர்ப்பது ஆகாது. வலிப்பும் உறக்கமின்மையும் வயிற்றுத் தொல்லையும் ஆட்டிசத்தோடு சேர்ந்து வந்தால் அவற்றுக்கு மருத்துவம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கையை உதறுவதற்கு மருத்துவம் எதற்கு என்றுதான் கேட்கிறார்கள்.

மேடையில் பேசத் தெரிந்தவர் பேசுகிறார், பேச்சே வராத பிள்ளைக்காக இவர் எப்படிப் பேசலாம் என்று ஒரு மறுப்பு உண்டு. பெரிய புராணத்தில் திருவாரூர்ச் சோழன் அரண்மனை வாயிலில் மணி கட்டி வைத்ததை இங்கே நினைக்க வேண்டும். சொல் இல்லாத உயிரும் முறையிடலாம், அந்த முறையீட்டின் பொருளைக் கண்டுபிடிப்பது அரசின் கடமை என்பதே அந்த மணியின் கருத்து. பசு ஒன்று அந்த மணியை அடித்தபோது அரசன் எனக்குப் புரியவில்லை என்று உள்ளே போய்விடவில்லை. மிருகத்துக்கே அந்த வாயிலைத் திறந்து வைத்த மரபு, மனிதக் குழந்தையின் அலறலை நடத்தைக் கோளாறு என்று குறித்துக்கொண்டு பொத்தானை அழுத்தலாமா? மெல் பேக்ஸ் என்ற ஆட்டிசநிலையாளர் 2007இல் ஒரு காணொளி வெளியிட்டார். முதல் பாதியில் அவர் ஆடுவார், முனகுவார், தண்ணீரில் விரலை அளைவார். பிற்பாதியில் கணினிக் குரல் வழியே, நீங்கள் பார்த்தது என் மொழி, உலகத்தோடு நான் நடத்தும் உரையாடல் என்று விளக்குவார். பேச்சு வராதவருக்குப் படப் பலகை இருக்கிறது, தட்டச்சு இருக்கிறது, தலையைத் திருப்பிக்கொள்ளும் மறுப்பு இருக்கிறது. கேட்க வேண்டும் என்று இருப்பவருக்கு வழி கிடைக்கும். வலி கொடுக்கிறவரின் கை தன்னை நோக்கி வருகையில் ஒரு குழந்தை பின்வாங்கினால், அதற்கு மேல் எந்த மொழியில் அது மறுக்க வேண்டும்?

பெற்றோரின் நிலையைப் புறக்கணிக்கவில்லை. அந்தப் பள்ளிக்குத் துணை நின்ற தாய் தந்தையர் பலர், பிள்ளை தன்னைத் தானே அடித்துக்கொண்டு ரத்தம் வழிய நின்றதைப் பார்த்தவர்கள். மருந்து மேல் மருந்து கொடுத்துத் தூங்கிக்கொண்டே இருந்த பிள்ளையையும் பார்த்தவர்கள். வேறு எந்த நிறுவனமும் சேர்த்துக்கொள்ளாத கடைசியில்தான் கேன்டன் வந்தார்கள். அவர்களுடைய அன்பில் ஐயம் இல்லை. அன்பு உண்மையாக இருப்பதால் செயல் சரியாகிவிடாது. சித்திரவதை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஹுவான் மெண்டெஸ் 2013இல் இந்த நடைமுறை சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையை மீறுகிறது என்று மனித உரிமை அவைக்கு எழுதினார். நடத்தைப் பகுப்பாய்வுத் துறையின் பன்னாட்டுச் சங்கமே 2022இல் மின்தாக்கைத் தண்டனையாகக் கையாள்வதை எதிர்க்கிறோம் என்று அறிவித்துவிட்டது. தன்னைத் தாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மற்ற இடங்கள் மின்முனை இல்லாமல்தான் பார்த்துக்கொள்கின்றன. அதற்கு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், பணம் வேண்டும். அவை இல்லாத குறையைப் பிள்ளையின் தோலிலிருந்து ஈடுகட்டக் கூடாது.

மணிமேகலை சோழன் ஒருவனிடம் கேட்டுப் பெற்ற வரம் என்ன? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பதே. கட்டடத்தை இடிக்கச் சொல்லவில்லை. அடைத்து வைக்கும் இடத்தை ஆதரிக்கும் இடமாக்கச் சொன்னாள். அதற்கு முன்பே, பின்னாளில் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன் பார்வையற்றவரையும் கேட்க முடியாதவரையும் கால் முடங்கியவரையும் கூட்டி வைத்து உணவிட்டான். உண்பதற்கு முன் அவர்களை அவன் திருத்தப் பார்க்கவில்லை. சீத்தலைச் சாத்தனார் இந்த இரண்டையும் ஒரே காப்பியத்தில் வைத்தது, ஓர் அரசும் ஒரு நிறுவனமும் எதற்காக இருக்க வேண்டும் என்று சொல்லத்தான். ஆட்டிசநிலையாளர் தங்கும் எந்த இல்லத்தையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். அங்கே அவருக்கு இரைச்சல் இல்லாத ஓர் அறை இருக்கிறதா, வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா, அப்படிச் சொன்னால் நிறுத்துகிறார்களா?

கேன்டனை அயல்நாட்டுக் கொடுமை என்று ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்று உறுதி செய்தது. அமெரிக்கா 2009இல் கையெழுத்திட்டது. 2012இல் செனட்டில் வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைக்காமல் அது நின்றுபோனது. தாளில் நாம் முன்னால் இருக்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளில் ஒன்றாக ஏற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. பாதுகாவலர் என்பவர் தானே முடிவெடுத்து அறிவிக்கும் ஆளாக அந்தச் சட்டத்தில் வரவில்லை. உரியவரோடு புரிதலும் நம்பிக்கையும் வைத்துச் சேர்ந்து முடிவெடுப்பவராக வருகிறார். ஆனால் நம் பள்ளிகளிலும் சிகிச்சை மையங்களிலும் கையை உதறினால் தட்டுவதும், கண்ணைப் பார் என்று முகத்தைப் பிடித்துத் திருப்புவதும், அழுதாலும் பயிற்சியை நிறுத்தாததும் இன்னும் கற்பித்தல் என்ற பெயரில் நடக்கின்றன. மின்கம்பி இல்லை, கேட்காத குணம் அதே குணம்தான்.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பியதும் பாதுகாவலர் உரிமை கேட்டு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர் மனுப் போடுகிறார்கள். மாவட்ட ஆட்சியர் அமரும் அந்தக் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது சட்டம். மனுவோடு போகிற தாய் தந்தையர் பிள்ளையையும் அழைத்துப் போங்கள், வெளியே உட்கார வைக்காதீர்கள். குழுவில் அமர்ந்திருப்பவர்கள் முதல் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். பேச்சு வராதவரானால் பலகையையோ படத்தையோ முன்னே வையுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். அந்தப் பதிலைக் கோப்பில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.